பத்து சதவீதம் எதில்? சிறு பதிப்பக நூல்களின் பணக் கணக்கும் அட்டை உரிமையும்

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து சில மாதங்கள் சென்றதும், சிறு பதிப்பகங்களில் நூல் வெளியிட்ட எழுத்தாளர்களிடையே இரண்டு குறைகள் பேசப்படுகின்றன. புத்தகம் விற்றதாகச் சொல்கிறார்கள், ராயல்டிக் கணக்கு மட்டும் வரவில்லை என்பது ஒன்று. அட்டையைக் காட்டவே இல்லை, அல்லது காட்டியது ஒன்று அச்சாகி வந்தது வேறொன்று என்பது மற்றொன்று. முதலாவதைப் பணத் தகராறு என்றும் இரண்டாவதை ரசனை வேறுபாடு என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எத்தனை பிரதி அச்சிடப்படும், எந்தத் தொகையில் எவ்வளவு பங்கு, அட்டையில் உள்ள படம் யாருக்குச் சொந்தம் என்பவை எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதாமல் விடும்போது என்ன நடக்கிறது, சட்டம் அந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

சிறு பதிப்பகம் என்று இங்கே குறிப்பிடுவது, ஒருவரோ இருவரோ நடத்துகிற, சொந்த அச்சகமோ விற்பனைப் பிரிவோ இல்லாத, மெய்ப்பு (பிழைதிருத்தம்), பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு ஆகிய ஒவ்வொன்றையும் வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிற நிறுவனத்தை. ராயல்டி என்பது விற்ற பிரதிகளுக்கு ஏற்ப ஆசிரியருக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகை. தமிழ்ப் பதிப்புலகில் 10 சதவீதம் என்பது பெருவழக்கு. நூலக ஆணை என்பது பொது நூலகத் துறை நூலகங்களுக்காக நூல்களை மொத்தமாக வாங்கும் கொள்முதல் உத்தரவு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

200 ரூபாய் எங்கே போகிறது

160 பக்கம், டெமி அளவு (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), விலை 200 ரூபாய், 300 பிரதிகள் என்று ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்கான மாதிரிக் கணக்கு. ஊருக்கும் அச்சகத்துக்கும் ஏற்ப இவை மாறும்.

1. 300 பிரதிகளில் ஆசிரியர் பிரதி, மதிப்புரைப் பிரதி, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டிய பிரதி, சேதம் எல்லாம் சேர்த்து 30 போகட்டும். விற்கத்தக்கவை 270. அவற்றின் முழு விலை மதிப்பு 54,000 ரூபாய்.

2. கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் கழிவு சராசரியாக 35 சதவீதம் என்றால் 18,900 ரூபாய் குறையும். பதிப்பகத்தின் கைக்கு வருவது 35,100.

3. அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 60 ரூபாய் வீதம் 300 பிரதிக்கு 18,000. மீதி 17,100.

4. ஆசிரியருக்கு விலையில் 10 சதவீத ராயல்டி 5,400. மீதி 11,700.

5. பக்க வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய், மெய்ப்புக்கு 15 ரூபாய் என்றால் 7,200. மீதி 4,500.

6. அட்டைக்கு 3,000 கொடுத்தால் எஞ்சுவது 1,500 ரூபாய்.

இந்த 1,500 ரூபாயிலிருந்துதான் புத்தகக் காட்சி அரங்க வாடகை, லாரிச் செலவு, கூரியர், கிடங்கு ஆகியவற்றுக்கான பங்கு வர வேண்டும். இதுவும் 270 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் மட்டுமே. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். அச்சகத்துக்குரிய பணமோ முதல் மாதத்திலேயே போய்விடும். இது தவிர, புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், காகிதத்துக்கும் அச்சுப் பணிக்கும் கட்டிய வரியைப் பதிப்பாளர் உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது; அந்த வரியும் அடக்க விலையில் சேர்ந்துவிடுகிறது.

எனவே, ராயல்டி தாமதமாகும் ஒவ்வொரு இடத்திலும் ஏமாற்று இருப்பதாகக் கொள்வது தவறு. பணம் இல்லாமை வேறு, கணக்கு இல்லாமை வேறு. முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்க எந்தக் காரணமும் இல்லை: எத்தனை அச்சிட்டோம், எத்தனை விற்றோம், எத்தனை மீதி என்ற மூன்று எண்களை ஆண்டுக்கு ஒருமுறை எழுதி அனுப்பப் பணம் தேவைப்படாது.

‘பத்து சதவீதம்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் இரண்டு தொகைகள்

மேலே உள்ள கணக்கில் ராயல்டியை அச்சிட்ட விலையில் கணக்கிட்டோம். அதே 10 சதவீதத்தைப் பதிப்பகம் தன் கைக்கு வந்த நிகரத் தொகையில் கணக்கிட்டால் ஆசிரியருக்கு 5,400-க்குப் பதில் 3,510 ரூபாய்தான் கிடைக்கும். விநியோகஸ்தருக்கு 50 சதவீதம் கழிவு போகும் விற்பனையில் தொகை சரிபாதியாகும். இரண்டு முறைகளும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளவைதான். எது பின்பற்றப்படுகிறது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறியாமல் இருப்பதுதான் கோளாறு.

நூலக ஆணையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அங்கே அரசு வாங்கும் விலை தனியே முடிவாகிறது. அது அட்டையில் அச்சிட்ட விலையைவிடக் குறைவாக இருக்கலாம். ராயல்டி எந்த விலையில் என்பதும், ஆணைப்படி பிரதிகளை அனுப்பியவுடனா அல்லது பணம் வந்த பிறகா என்பதும் தனியே எழுதப்பட வேண்டும். சிறு பதிப்பகம் ஒன்றின் ஓராண்டு வாழ்வையே ஒரு நூலக ஆணை தீர்மானிக்கக்கூடும் என்பதால், அதிகமாகப் பேச வேண்டிய இடம் இதுவே. பேசப்படாமல் போவதும் பெரும்பாலும் இதுவே.

மின்னூலுக்கு 10 சதவீதம் என்ற பழைய கணக்கை அப்படியே நீட்டுவது பொருந்தாது. அமேசானின் கிண்டிலில் நேரடியாக வெளியிடுபவருக்கு விலையில் 35 அல்லது 70 சதவீதம் கிடைக்கிறது. காகிதமும் கிடங்கும் இல்லை. பதிப்பகம் வழியாக வரும் மின்னூலில் ஆசிரியரின் பங்கு அச்சு நூலைவிடக் கணிசமாக உயர்ந்திருக்க வேண்டும் என்பதே நியாயம்.

பங்கை உயர்த்தவே முடியாது என்பாருக்கு அண்டை மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. 1945-இல் கோட்டயத்தில் எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலியோர் தொடங்கிய சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம், எழுத்தாளர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்திய பதிப்பகம். அது 30 சதவீத ராயல்டி வழங்கியது. பெரிய விற்பனையும் சொந்த விற்பனை நிலையங்களும் இருந்ததால் அது இயன்றது. 300 பிரதிப் பதிப்பகத்திடம் அதே விகிதத்தைக் கேட்க முடியாது. ஆனால் கணக்குப் புத்தகம் எழுத்தாளர் பார்வைக்குத் திறந்திருந்த முறையை எந்த அளவுப் பதிப்பகமும் பின்பற்ற முடியும்.

தேவைக்கேற்ப அச்சிடும் முறை எதை மாற்றியது

ஆஃப்செட் முறையில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் செலவு நிலையானது. அதைப் பங்கிட ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட வேண்டியிருந்தது. ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ எனப்படும் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பிளேட் இல்லை. 50 பிரதிகூட அச்சிடலாம். முதலீடு குறைந்ததால் கவிதை, மொழிபெயர்ப்பு, அறிமுக எழுத்தாளர் நூல்கள் வெளிவர வழி பிறந்தது. இது பெரிய நன்மை. கூடவே இரண்டு விளைவுகளும் வந்தன.

1. அச்சிட்ட எண்ணிக்கை என்பது ஓர் உறுதியான எண்ணாக இல்லாமல் போனது. முன்பு அச்சகப் பட்டியலில் ‘1,200 பிரதி’ என்று இருக்கும். ஆசிரியர் மீதியை எண்ணிப் பார்க்கலாம். இப்போது 50, 30, 100 என்று தவணை தவணையாக அச்சாவதால், ஒவ்வொரு தவணையையும் பதிப்பகம் பதிவு செய்து காட்டினால் ஒழிய மொத்தம் யாருக்கும் தெரியாது.

2. புத்தகம் ‘கைவசம் இல்லை’ என்ற நிலையே வராது. ‘பிரதிகள் தீர்ந்து இத்தனை மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்ற பழைய பிரிவு இதனால் பயனற்றுப்போகிறது. ஆண்டுக்கு இரண்டு பிரதி விற்றாலும் கோப்பு கணினியில் இருக்கும்வரை நூல் கிடைக்கிறது என்றே பதிப்பகம் வாதிடலாம். ‘தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இத்தனை பிரதிக்குக் குறைவாக விற்றால்’ என்று விற்பனை எண்ணோடு இணைத்து எழுதினால்தான் அந்தப் பிரிவுக்குப் பொருள் இருக்கும்.

அச்சுச் செலவை ஆசிரியரே ஏற்கும் ஏற்பாடும் இதே முறையால் பெருகியிருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அதற்குப் பெயர் பதிப்பு அன்று, பதிப்புச் சேவை. முதல் போட்டவர் ஆசிரியர் என்றால் பிரதிகளும் அவருடையவை. நிறுவனம் விற்றுத் தருவதற்குக் கழிவு எடுத்துக்கொள்ளலாமே தவிர, ஆசிரியருக்கு 10 சதவீதம் ‘வழங்கும்’ நிலையில் அது இல்லை. இத்தகைய கட்டணப் பட்டியலில், நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு என்று ஒரு தொகை இருந்தால் காரணம் கேட்க வேண்டும்: இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது.

அட்டை ஏன் நினைத்தபடி வருவதில்லை

தமிழில் நல்ல அட்டைக்கு நீண்ட மரபு உண்டு. கே.எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கிய நூல்களுக்கும் வரைந்த கோட்டோவியங்கள் ஒரு காலகட்டத்தின் முகமாகவே அமைந்தன. அத்தகைய உறவு இல்லாத இடத்தில், 3,000 ரூபாய்க்கு ஒரே நாளில் அட்டை செய்ய வேண்டிய நிலையில் வடிவமைப்பாளர் இருக்கிறார். ஆசிரியரின் ஏமாற்றத்தில் பெரும்பகுதி ரசனையால் விளைவதன்று. தொழில்நுட்பக் காரணங்களால் விளைவது.

1. நிறம். திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை. தாளில் விழுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைக் கலவை. திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் மையில் அடங்கிப்போகும். அட்டைமேல் ஒட்டும் பளபளப்பற்ற மேட் லேமினேஷன் அதை இன்னும் மங்கலாக்கும். கைப்பேசித் திரையில் பார்த்து ஒப்புதல் தருவது அதனால்தான் போதாது; ஒரு பிரதியேனும் தாளில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

2. படத்தின் அளவு. ஐந்தரை அங்குலம் அகலமும் எட்டரை அங்குலம் உயரமும் உள்ள அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், குறைந்தது 1,650க்கு 2,550 புள்ளிகள் கொண்ட படம் வேண்டும். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். ஓவியத்தைக் கோப்பாக அனுப்ப வேண்டும்.

3. முதுகு, அதாவது தாள்கள் ஒன்றுசேரும் ஓரத்தை மூடும் பகுதி. 160 பக்கம் என்பது 80 தாள். தாளின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் முதுகு 8 மில்லிமீட்டர். அட்டை முடிந்த பிறகு முன்னுரை ஒன்று சேர்ந்து பக்கம் கூடினாலோ, காகிதம் மாறினாலோ, முதுகிலிருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவும். கடைசி நேரத் திருத்தங்களின் விலையை அட்டைதான் கொடுக்கிறது.

4. எழுத்துரு. பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால், யூனிகோட் தமிழில் கெ, கே, கை, கொ போன்ற எழுத்துகளின் கொம்பு முன்னால் நிற்பதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும். அதைத் தவிர்க்கப் பல வடிவமைப்பாளர்கள் இன்றும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களையே பயன்படுத்துகிறார்கள். ஆசிரியர் கடைசியாக அனுப்பிய யூனிகோட் திருத்தம் அங்கே நேரடியாக ஒட்டாது. மறுபடி தட்டச்சு செய்யும்போது பின்னட்டையில் புதிய பிழை பிறக்கும். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பது பலரும் கவனிக்காத செய்தி. கேட்டமரான், முக்தா மலர் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வணிக நூல்களிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

5. யாருடைய முடிவு. அட்டையில் இறுதி முடிவு பதிப்பாளருடையது என்பது வழக்கம். விற்பனைப் பொறுப்பு அவருடையது என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் கலந்தாலோசனை என்பதும் ஒப்புதல் என்பதும் வேறு வேறு. ‘அட்டை ஆசிரியரின் பார்வைக்கு அனுப்பப்பட்டு, இத்தனை நாளுக்குள் கருத்துப் பெறப்படும்’ என்ற ஒரு வரியே பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

அட்டை யாருக்குச் சொந்தம்

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பணம் கொடுத்துச் சொல்லி வரைவித்த ஓவியம், எடுப்பித்த புகைப்படம் போன்றவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரைவித்தவரே முதல் உரிமையாளர். ஆகவே பதிப்பகம் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் பதிப்பகத்தினுடையது. நட்புக்காக இலவசமாக வரைந்து தந்தது ஓவியருடையது. ஓவியர் முன்பே தமக்காக வரைந்து வைத்திருந்த படத்தை அட்டைக்குக் கொடுத்தால் அதுவும் ஓவியருடையதே. பதிப்பகத்துக்கு ஒரு நூலுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டுமே கிடைத்திருக்கிறது. எழுத்துருவும் படத்துண்டுகளும் சேர்த்துக் கணினியில் அமைத்த வடிவமைப்பு ‘ஓவியம்’ ஆகுமா என்பது வாதத்துக்குரியது. அங்கே எழுத்து ஒப்பந்தம் இன்றியமையாதது.

இவை எந்த வகையிலும் ஆசிரியரை உரிமையாளராக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிப்பகத்தை விட்டு விலகி, அதே நூலைத் தாமே கிண்டிலில் ஏற்றும் ஆசிரியர் பழைய அட்டையையும் சேர்த்து ஏற்றினால், உரை தம்முடையதாக இருந்தாலும் அட்டை விஷயத்தில் அவர் உரிமை மீறியவராகலாம்.

இணையத்தில் கண்டெடுத்த படம் இன்னும் ஆபத்தானது. தேடலில் கிடைப்பதால் ஒரு படம் பொதுவுடைமை ஆகிவிடாது. இந்தியாவில் ஓவியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை யாரும் பயன்படுத்தலாம். படைப்புப் பொதுமங்க (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமங்களிலும் வேறுபாடு உண்டு. ‘வணிகப் பயனுக்கு அன்று’ என்ற நிபந்தனையுள்ள படத்தை விலை வைத்து விற்கும் நூலில் இடக்கூடாது.

ஓவியருக்கு உரிமை கைமாறிய பிறகும் நீங்காத ஒன்று உண்டு: 57-ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமை. தன் பெயரைக் கோரவும், தன் மதிப்புக்குக் குறைவு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அது இடம் தருகிறது. டெல்லியில் அரசின் மாநாட்டுக் கூடமான விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச்சிற்பம் அகற்றிச் சிதைக்கப்பட்டதற்கு எதிராகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. ஓவியரின் பெயரை உரிமைப் பக்கத்தில்கூட அச்சிடாமல் விடும் பதிப்பகங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த அட்டை

3,000 ரூபாய் மிச்சம் என்பதால் இந்த வழி பரவுகிறது. இந்தியச் சட்டம் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே, கணினியால் உருவான படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று கூறியிருக்கிறது. ஆனால் அது இன்றைய கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. அமெரிக்காவில் மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. நடைமுறை விளைவு இதுதான்: அந்தப் படத்தையே வேறொரு நூல் அட்டையில் எடுத்துப் போட்டால் தடுக்கும் வலு உறுதியாக இருப்பதாகச் சொல்ல முடியாது. மேலே பார்த்த கணக்கில் அட்டைக்கான தொகை நூலின் மொத்த மதிப்பில் மிகச் சிறியது. அதை வெட்டித் தள்ளுவதால் பதிப்பகம் பிழைத்துவிடாது, ஓவியரின் பிழைப்புதான் போகும்.

எழுதாமல் விட்டதைச் சட்டம் எப்படி நிரப்புகிறது

பல எழுத்தாளர்கள் ஒப்பந்தம் இல்லாததால் தங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று எண்ணுகிறார்கள். சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

1. பதிப்புரிமையை ஒப்படைப்பது கையெழுத்திட்ட எழுத்தாவணம் இல்லாமல் செல்லாது. அச்சிட அனுமதி இருந்ததாக நடத்தையிலிருந்து கொள்ளப்படலாம். ஆனால் உரிமை கைமாறியதாகாது.

2. ஒப்படைப்பில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது.

3. உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாத நிலையில், அந்த உரிமை காலாவதியாகும். கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு வெளியிடாத பதிப்பகங்களுக்கு இது பொருந்தும்.

4. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒப்பந்தத்தின்போது இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, ஒப்படைப்பு பொருந்தாது.

வரியில் ஒரு சலுகையும் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80க்யூக்யூபி பிரிவு, இலக்கியம், கலை, அறிவியல் நூல்களின் ராயல்டி வருமானத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு தந்தது. பழைய வரி முறையில் இருப்போருக்கு மட்டும்.

கையெழுத்திடும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

இரண்டு பக்கக் கடிதமே போதும். ராயல்டி எந்தத் தொகையில், நூலக ஆணைக்கும் மின்னூலுக்கும் எவ்வளவு, ஆண்டுக் கணக்கு எந்த மாதம் வரும் என்பவை முதலில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு அச்சுத் தவணையின் எண்ணிக்கையையும் அறிவிக்கும் கடமை, விற்பனை எண்ணோடு இணைந்த உரிமை மீட்புப் பிரிவு, அட்டை பார்வைக்கு வரும் நாள், அட்டை ஓவியத்தின் மூலமும் உரிமமும், ஓவியரின் பெயர் அச்சாகும் இடம் ஆகியவை அடுத்து வரும். உரிமை திரும்பும்போது, மெய்ப்பு முடிந்த இறுதி உரை யூனிகோட் கோப்பாக ஆசிரியருக்குத் தரப்படும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்; பழைய எழுத்துருவில் உள்ள அச்சுக் கோப்பு மட்டும் கையில் இருந்தால், அடுத்த பதிப்பகத்தில் முழு நூலுக்கும் எழுத்துரு மாற்றமும் மெய்ப்பும் மறுபடி தொடக்கத்திலிருந்து நடக்கும், அந்தச் செலவும் ஆசிரியரின் தலையிலேயே விழும்.